நாற்றங்காலில் எத்தனை நாள்? பால்டிமோர் ஓரியோல்ஸ் இளம் வீரர்களை வளர்க்கும் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் பார்க்கும் தமிழ் நண்பர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் பாதிப் பேர் மேரிலாண்டு, வர்ஜீனியா பக்கம் வேலைக்கு வந்து, பிள்ளைகளுக்காக மைதானத்துக்குப் போய், பிறகு தாங்களே மாட்டிக்கொண்டவர்கள். அவர்கள் என்னிடம் கேட்பதைச் சுருக்கினால் ஒரே கேள்விதான்: “அந்தப் பையன் கீழே பிரமாதமாக ஆடுகிறானே, ஏன் இன்னும் மேலே கூப்பிடவில்லை?” அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்து இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்று விடுவதில், அதாவது இளம் வீரர்களை வளர்ப்பதில், பால்டிமோர் அணியான ஓரியோல்ஸ் கைதேர்ந்தவர்கள். எப்போது பிடுங்கி நடுவது, எந்தக் கட்டை அடுத்தவருக்குக் கொடுப்பது என்ற இடத்தில்தான் தயங்கி நின்றார்கள்.

பேஸ்பாலில் இளம் வீரர்கள் எங்கே வளர்கிறார்கள்? நம் ரஞ்சிக் கோப்பை மாதிரி ஏதாவது உண்டா?

ரஞ்சி அணி எந்த ஐபிஎல் அணிக்கும் சொந்தமில்லை. இங்கே நிலைமை வேறு. பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்கின் 30 அணிகளுக்கும், கீழே மைனர் லீக் அணிகளால் ஆன தனித்தனி ஏணி இருக்கிறது. ஓரியோல்ஸுக்கு, நான் சொல்லப்போகும் ஆண்டுகளில், கீழ்ப்படி டெல்மார்வா, அடுத்தது அபர்டீன், அதற்கு மேல் போவி, உச்சியில் வர்ஜீனியாவின் நார்ஃபோக். அந்த அணிகளில் ஆடும் பையன்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், யாரை எந்த இடத்தில் இறக்குவது என்று முடிவு செய்வதும் பால்டிமோர்தான். போவியில் ஒரு கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) வாரத்தில் எத்தனை நாள் உட்கார வேண்டும் என்பதுகூட மேலிருந்து வரும் உத்தரவு.

சம்பளம் என்றதும் கோடிகளை நினைக்காதீர்கள். மைனர் லீக் வீரர்கள் சங்கம் சேர்ந்து 2023-இல் முதல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் நார்ஃபோக் படியில் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 35,800 டாலர் கிடைத்தது. அதற்கு முன் இன்னும் மோசம். அதே ஆண்டில் மேலே ஆடியவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000 டாலர். ஒரு படிதான் வித்தியாசம். அதனால்தான் “மேலே கூப்பிடுவது” அந்த வீட்டுக்கே பெரிய விஷயம்.

அணி அவ்வளவு மோசமானது எப்படி? வேண்டுமென்றே தோற்றார்களா?

2018-இல் 47 வெற்றி, 115 தோல்வி. அந்த ஜூலையிலேயே நட்சத்திர வீரர் மேனி மச்சாடோவை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். நவம்பரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸிலிருந்து மைக் எலையஸ் பொது மேலாளராக வந்தார். கூடவே எண்களில் கரைகண்ட சிக் மெய்டல். ஹூஸ்டனில் இதே வைத்தியத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இவர்கள்: இருப்பதை விற்று, பல ஆண்டுகள் தோற்று, இளசுகளைச் சேர்ப்பது.

2019-இல் 108 தோல்வி. 2021-இல் 110, அதில் தொடர்ச்சியாக 19.

களத்தில் இறங்கிய யாரும் தோற்க ஆடவில்லை. ஆனால் ஜெயிக்க முடியாத ஓர் அணியைத் தெரிந்தே இறக்கினார்கள். அதற்கும் டிக்கெட் விற்றார்கள். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓரியோல்ஸ் மைதானமான கேம்டன் யார்ட்ஸுக்கு வந்த ரசிகன் அந்த மூன்று ஆண்டுகளுக்குக் கொடுத்த விலை சின்னதில்லை. பின்னால் வந்த வெற்றியைக் காட்டி அதை நியாயப்படுத்துகிறவர்களோடு எனக்கு இன்றைக்கும் உடன்பாடில்லை.

தோற்பதில் என்ன லாபம்?

ஐபிஎல் ஏலத்தில் கடைசி இடம் வந்தவருக்குத் தனிச் சலுகை இல்லை. இங்கே டிராஃப்ட் என்று ஒன்று இருக்கிறது. பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். மோசமாகத் தோற்றவர் முதலில் எடுப்பார். இப்படித் தோற்பது பழக்கமாகிவிட்டதால் 2022-இல் போட்ட ஒப்பந்தத்தில் முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் கொண்டுவந்தார்கள்.

2019-இல் முதல் இடத்தில் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கேட்சர் ஆட்லி ரட்ச்மேனை எடுத்தார்கள். கையெழுத்துத் தொகை 81 லட்சம் டாலர். இதை எல்லோரும் பேசுவார்கள். நான் அதிகம் ரசிப்பது அதே டிராஃப்டின் 42-ஆவது இடம்: அலபாமா மாநிலத்தின் செல்மா பக்கத்துப் பள்ளிப் பையன் கன்னர் ஹெண்டர்சன். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பரிந்துரைத் தொகை உண்டு, மொத்தச் செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. ஓரிடத்தில் மிச்சம் பிடித்தால் இன்னோர் இடத்தில் கூடுதலாகக் கொடுக்கலாம். கல்லூரிக்குப் போக இருந்த ஹெண்டர்சனுக்கு அந்த இடத்தின் தொகைக்கு மேலே, 23 லட்சம் கொடுத்து இழுத்தார்கள்.

2020-இல் இதைவிடத் துணிச்சல். இரண்டாம் இடத்தில் ஹெஸ்டன் கெர்ஸ்டாட்டைப் பரிந்துரைத் தொகையைவிட 25 லட்சத்துக்கும் மேல் குறைத்து எடுத்தார்கள். அந்த மிச்சத்தை வைத்து நான்காம் சுற்றில் கோபி மேயோ என்ற பள்ளி வீரனுக்கு 17.5 லட்சம் கொடுத்தார்கள். பிறகு கெர்ஸ்டாட்டுக்கு இதயத் தசை அழற்சி வந்து இரண்டு ஆண்டுகள் ஆடவே முடியவில்லை. 2023 செப்டம்பரில்தான் மேலே வந்தார். எந்தக் கணக்கிலும் வராத விஷயம் இது.

முதல் சுற்றில் ஏன் எப்போதும் பேட்டர்களையே எடுத்தார்கள்?

2019 முதல் 2024 வரை முதல் சுற்றில் பந்து வீசும் பிட்சர் ஒருவரைக்கூட எலையஸ் எடுக்கவில்லை. காரணம் முழங்கை. மணிக்கு 95 மைல் வேகத்தில் வீசும் பையனின் தசைநார் எந்த ஆண்டு கிழியும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிழிந்தால் அறுவை சிகிச்சை, ஓராண்டுக்கு மேல் ஓய்வு. பேட்டர் கொஞ்சம் நம்பகமான முதலீடு. பிட்சர் வேண்டுமென்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு சில இடங்களில் அழகாகப் பலித்தது. 2019 டிசம்பரில் டிலன் பண்டியை ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்து வாங்கிய நான்கு பேரில் ஒருவர் கைல் பிராடிஷ். 2023-இல், மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிட்சர் விருது வாக்கெடுப்பில் நான்காவதாக வந்தார். இன்னொரு அணி வேண்டாம் என்று விட்ட ஃபெலிக்ஸ் பாட்டிஸ்டா, எதிரிகள் நடுங்கும் கடைசி இன்னிங்ஸ் பிட்சரானார். ஆனால் பாட்டிஸ்டாவின் முழங்கை 2023-இல் போயிற்று. பிராடிஷின் முழங்கை 2024-இல். முழங்கைக்குப் பயந்து டிராஃப்டில் பிட்சரைத் தவிர்த்தவர்கள், அதே முழங்கையால் பிட்சர் இல்லாமல் நின்றார்கள்.

“வளர்ப்பது” என்கிறார்களே, உண்மையில் என்ன செய்கிறார்கள்?

முன்பெல்லாம் ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் மெதுவாகப் பந்து போட, பையன் ஐம்பது முறை அடித்துத் திருப்தியாகப் போவான். ஓரியோல்ஸ் அந்தப் பழக்கத்தைக் குறைத்தார்கள். இயந்திரத்தை வேகமாக வைத்து, கிட்டத்தில் வைத்து, வளைவுப் பந்தும் நேர்ப் பந்தும் மாறி மாறி வரவிட்டார்கள். பயிற்சியிலேயே தோற்க வைத்தார்கள். எவ்வளவு தூரம் அடித்தான் என்பதைப் போலவே, எந்தப் பந்தை அடிக்காமல் விட்டான் என்பதையும் பார்த்தார்கள். கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடும் பேட்ஸ்மேனை நாம் மதிப்போமே, அதே கல்விதான்.

நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2021 கோடையில் போவி மைதானத்தில் ஓர் ஆட்டம். ஒரு பக்கம் குழந்தைகளுக்கான குடைராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. ரட்ச்மேன் அன்று கேட்சர். பிட்சர் தடுமாறி, எப்படியோ மூன்று அவுட் எடுத்து முடித்தான். ரட்ச்மேன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு நேராக உட்காரப் போகவில்லை. கோட்டருகே நின்று, அந்தப் பையன் நடந்து வரும்வரை காத்திருந்து, நெஞ்சில் ஒரு தட்டு தட்டி, ஏதோ சொல்லிக்கொண்டே கூட நடந்தான். அடுத்த இன்னிங்ஸிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. எனக்கு அருகில் உட்கார்ந்திருந்த பெரியவர், “பாருங்கள், இவன் பிட்சரையும் சேர்த்து வளர்க்கிறான்” என்றார். 81 லட்சம் எதற்கு என்று அன்று எனக்குப் புரிந்தது.

பிறகு ஏன் மேலே கூப்பிட அவ்வளவு தாமதம்? இதில் பணம் இருக்கிறதா?

இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதுதான் எல்லாவற்றுக்கும் மையம்.

ஒரு பருவத்தில் சுமார் 187 நாட்கள். அதில் 172 நாள் மேஜர் லீக் பட்டியலில் இருந்தால் ஓர் ஆண்டுப் பணிக்காலம். ஆறு ஆண்டுகள் சேர்ந்தால் வீரர் சுதந்திரமாக எந்த அணிக்கும் போகலாம். முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான். அடுத்த மூன்றில் நடுவர் முன் பேரம் பேசலாம். அப்படியானால் ஒரு பையனை ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரம் கீழேயே வைத்தால் என்ன ஆகும்? அந்த ஆண்டு முழு ஆண்டாகக் கணக்கில் வராது. அணிக்கு ஏறத்தாழ ஏழாவது ஆண்டு கிடைத்துவிடும்.

இதில் பெயர்போன வழக்கு சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரையன்ட். 2015 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி, நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். ஃபீல்டிங் இன்னும் மெருகேற வேண்டும் என்று கீழே அனுப்பினார்கள். ஏப்ரல் 17-இல் கூப்பிட்டார்கள். ஆண்டு முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. அவர் போட்ட முறையீடு 2020-இல் தள்ளுபடியானது. அப்படிப் பிடித்துவைத்த அந்தக் கூடுதல் ஆண்டான 2021-இல், ஜூலையிலேயே அவரை ஜயன்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். சட்டப்படி சரி என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இருபத்து மூன்று வயதுப் பையனிடம் “நீ இன்னும் தயாராகவில்லை” என்று தெரிந்தே பொய் சொல்லும் பழக்கம் விளையாட்டுக்குக் கேடு.

2022-இல் விதியை மாற்றினார்கள். புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்தில் வந்தவருக்கு, எப்போது வந்திருந்தாலும், முழு ஆண்டு கிடைக்கும். முன்னணி இளம் வீரரைத் தொடக்கத்திலிருந்தே ஆட விட்டு அவர் விருது வென்றால், அணிக்குக் கூடுதலாக ஒரு டிராஃப்ட் இடம். பிடித்துவைப்பவனுக்குத் தண்டனை, திறந்துவிடுபவனுக்குப் பரிசு.

ரட்ச்மேன், ஹெண்டர்சன் விஷயத்தில் இந்த விதி எப்படி வேலை செய்தது?

ரட்ச்மேன் 2022 தொடக்கத்தில் கைத்தசைக் காயத்தால் தள்ளிப்போய் மே 21-இல் வந்தார். புதுமுக விருதில் இரண்டாம் இடம். ஆகவே முழு ஆண்டும் அவர் கணக்கில் ஏறியது; 2027-க்குப் பிறகு அவர் சுதந்திரம்.

ஹெண்டர்சனை 2022 ஆகஸ்ட் 31-இல் கிளீவ்லாண்டில் இறக்கினார்கள். 21 வயது. இரண்டாவது முறை பேட்டிங் வந்தபோது முழு உடம்பையும் சுழற்றி அடித்த வேகத்தில் ஹெல்மெட் தலையிலிருந்து பறந்தது; பந்து வேலிக்கு வெளியே. வெறுந்தலையோடு, காற்றில் முடி பறக்க, பேஸ்களைச் சுற்றி ஓடினார். அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது: கடைசி ஐந்து வாரம் மட்டும் ஆடியதால் 2023-இலும் அவர் புதுமுகமாகவே இருந்தார். அந்த ஆண்டு ஒருமனதாக விருது வென்றார். அணிக்கு 2024 டிராஃப்டில் கூடுதல் இடம் கிடைத்தது. பையனுக்கும் நல்லது, அணிக்கும் நல்லது. ஓரியோல்ஸ் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகப் பிடித்தது இது.

ஜாக்சன் ஹாலிடேயை அவசரப்பட்டுக் கூப்பிட்டுக் கெடுத்துவிட்டார்கள்தானே?

2022 டிராஃப்டின் முதல் தேர்வு, முன்னாள் நட்சத்திரம் மேட் ஹாலிடேயின் மகன். 2024 ஏப்ரல் 10-இல் 20 வயதில் மேலே வந்தார். பத்து ஆட்டம், 34 முறைக்கு இரண்டே ஹிட், 18 முறை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே அவுட்). ஏப்ரல் 26-இல் திருப்பி அனுப்பினார்கள். அன்று என் கைப்பேசிக்கு வந்த செய்திகளில் பாதி “முடிந்தது” என்ற தொனியில் இருந்தன.

முடியவில்லை. ஜூலை 31-இல் மறுபடி கூப்பிட்டார்கள். அன்றைக்கே டொரொன்டோவுக்கு எதிராக மூன்று பேஸும் நிறைந்திருக்க ஹோம் ரன். மேஜர் லீக்கில் அவருடைய முதல் ஹோம் ரன் அதுதான். அந்த ஆண்டு முழுவதையும் பார்த்தால் சராசரி மோசம்தான். 2025-இல் 17 ஹோம் ரன்னுடன் நிலைத்து ஆடினார்.

என்னைக் கேட்டால், கூப்பிட்டதும் தப்பில்லை, அனுப்பியதும் தப்பில்லை. நார்ஃபோக்கில் கிடைக்காத பந்தை நார்ஃபோக்கில் வைத்துக் கற்றுக்கொடுக்க முடியாது. செட்ரிக் மல்லின்ஸை நினைத்துப் பாருங்கள். 13-ஆவது சுற்றில் எடுத்த ஆள். 2019-இல் முதல் நாளே சென்டர் ஃபீல்டில் நின்றார். 64 முறைக்கு ஆறு ஹிட். நார்ஃபோக்குக்கு அனுப்பி, அங்கும் சரியில்லாமல் போவிவரை இறக்கினார்கள். இரண்டு கையாலும் பேட் செய்துகொண்டிருந்தவர், வலக்கைப் பக்கத்தை அடியோடு விட்டுவிட்டு, 2021-இல் இடக்கையாக மட்டும் நின்றார். 30 ஹோம் ரன், 30 திருட்டு பேஸ் (யாரும் அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). ஓரியோல்ஸ் வரலாற்றில் ஒரே பருவத்தில் இரண்டையும் எட்டிய முதல் ஆள். கீழே அனுப்புவதை அவமானமாக நினைக்காத வீரனுக்கும் அணிக்கும்தான் இது சாத்தியம்.

40 பேர் பட்டியல், ஆப்ஷன், ரூல் 5 எல்லாம் என்ன?

மேலே ஆடுவது 26 பேர். ஆனால் அணி பாதுகாக்கும் பட்டியல் 40 பேர். பட்டியலில் சேர்த்த பிறகு ஒருவரை மூன்று பருவங்களில் கீழே மேலே அனுப்பலாம். அதற்குப் பெயர் ஆப்ஷன். மூன்றும் தீர்ந்தால், அவரைக் கீழே அனுப்பும் முன் மற்ற 29 அணிகளும் எடுத்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும்.

நான்கைந்து ஆண்டு ஆகியும் ஒருவரை 40-இல் சேர்க்கவில்லை என்றால், டிசம்பரில் நடக்கும் ரூல் 5 தேர்வில் இன்னோர் அணி 1,00,000 டாலர் கொடுத்துத் தூக்கிவிடலாம். ஒரு நிபந்தனை: அடுத்த பருவம் முழுக்க 26 பேரில் ஒருவராக வைத்திருக்க வேண்டும். 2016-இல் கிளீவ்லாண்டிடமிருந்து இப்படித் தூக்கிய ஆந்தனி சான்டாண்டர் 2024-இல் ஓரியோல்ஸுக்காக 44 ஹோம் ரன் அடித்தார். திறமை எல்லா அணியிலும் இருக்கிறது, இடம்தான் இல்லை.

ஒரே இடத்துக்கு ஐந்து பேர் இருந்தால் என்ன செய்வது?

இதுதான் ஓரியோல்ஸ் சறுக்கிய இடம். 2023-இல் நார்ஃபோக் அணி மைனர் லீக்கின் உச்சிப் படியில் நாட்டுக்கே சாம்பியன். ஜோயி ஓர்டிஸ், கானர் நார்பி, கோபி மேயோ, கைல் ஸ்டவர்ஸ், கோல்டன் கௌசர் என்று வரிசையாக ஆள். மேலே ஹெண்டர்சனும் ஜோர்டன் வெஸ்ட்பர்கும் இடத்தைப் பிடித்துவிட்டார்கள். நாற்று முற்றிப்போனால் நட்டாலும் தூர் கட்டாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கற்க ஒன்றுமில்லாத படியில் இரண்டாம் ஆண்டும் நிற்கும் பையனின் மதிப்பு கூடாது. அவன் மனசும் சோர்ந்துபோகும்.

2023 ஆகஸ்ட் 1-இல், வீரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாளில், அணி பிரிவில் முன்னணியில் இருந்தபோது வாங்கியது ஜாக் ஃப்ளாஹர்ட்டி என்ற ஒரே தொடக்கப் பிட்சர். அவரும் சோபிக்கவில்லை. 101 ஆட்டம் ஜெயித்து, அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவை வென்று, பிளேஆஃபில் டெக்சஸ் ரேஞ்சர்ஸிடம் 3-2, 11-8, 7-1 என்று மூன்றும் போயிற்று. ரட்ச்மேன் வந்த நாளிலிருந்து வழக்கமான ஆட்டங்களில் எந்தத் தொடரையும் முழுதாகத் தோற்காத அணி அது. அந்த இரண்டாவது ஆட்டத்தின் மூன்றாம் இன்னிங்ஸ் முடிவில் ஸ்கோர் 9-2 என்று எதிர்ப்பக்கம் நின்றது. நார்ஃபோக்கில் தேங்கியிருந்த இரண்டு பேரைக் கொடுத்தாவது ஜூலையில் ஒரு நல்ல பிட்சரை வாங்கியிருக்கலாமே என்ற ஆதங்கம் இன்னும் என்னை விடவில்லை.

பிறகு மாற்றினார்களே, கார்பின் பர்ன்ஸை வாங்கவில்லையா?

வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில் ஓர்டிஸ், டி.எல். ஹால், ஒரு டிராஃப்ட் இடம் கொடுத்து மில்வாக்கியிடமிருந்து. அவர் சுதந்திரமாக ஓராண்டுதான் மிச்சமிருந்தது. அருமையாக வீசினார், அணி 91 ஆட்டம் ஜெயித்தது, பிளேஆஃபில் கான்சஸ் சிட்டி ராயல்ஸிடம் இரண்டு ஆட்டத்திலும் தோற்றது, அவர் 21 கோடி டாலருக்கு அரிசோனா போனார். நல்ல முடிவு, ஓராண்டு தாமதமாக வந்தது.

ஸ்டவர்ஸ், நார்பி இருவரையும் கொடுத்து ட்ரெவர் ராஜர்ஸை வாங்கியது பெரிய ஏமாற்றம்தானே?

2024 ஜூலை 30-இல் நடந்தது. அந்த ஆண்டு முடிவில் கேட்டிருந்தால் “ஆமாம்” என்றிருப்பேன். ராஜர்ஸை நார்ஃபோக்குக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. 2025-இல் ஸ்டவர்ஸ் மயாமிக்காக ஆல்ஸ்டார் (சிறந்தவர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனபோது பால்டிமோர் முழுக்கப் புலம்பியது. அதே கோடையில் ராஜர்ஸ் 18 ஆட்டங்களில், ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.81 ரன் என்ற அருமையான சராசரியில் வீசினார். ஆக இரண்டு பக்கமும் பெற்றது. ஸ்டவர்ஸுக்குத் தேவைப்பட்டது தினமும் ஆட ஓர் இடம், அவ்வளவுதான். பால்டிமோரில் அது இல்லை. இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கலை முன்பே செய்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அணி ஜெயிக்க ஆரம்பித்தபோது ட்ரே மான்சினியை ஏன் விட்டார்கள்?

இதை எழுதும்போது இப்போதும் மனசு கனக்கிறது. அத்தனை தோல்வியிலும் கூட இருந்தவர். 2020-இல் குடல் புற்றுநோய். சிகிச்சை முடிந்து 2021-இல் திரும்பி வந்து ஆடினார். 2022 ஜூலை 28, சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் தூக்கி அடித்த பந்து வெயிலில் தொலைந்து, எதிரணி ஃபீல்டரின் முகத்தில் பட்டு உருண்டோடியது. மான்சினி நிற்காமல் நான்கு பேஸும் ஓடி முடித்தார். அரங்கம் எழுந்து நின்றது.

நான்கு நாளில் அவரை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். மறுநாள், கடைசி இன்னிங்ஸ் பிட்சர் ஹோர்ஹே லோபஸும் மினசோட்டாவுக்குப் போனார். அணி பிளேஆஃப் இடத்தை மூன்று ஆட்ட இடைவெளியில் இழந்தது. லோபஸுக்குப் பதிலாக வந்த யெனியர் கானோ அடுத்த ஆண்டே ஆல்ஸ்டார், கணக்கு சரிதான். ஆனால் தயாராகிக்கொண்டிருந்த ஒரு இளம் அணிக்கு “நாங்கள் உங்களை நம்புகிறோம்” என்று சொல்லும் வாய்ப்பு அது. அதை விட்டது தவறு என்றே நினைக்கிறேன்.

2025-இல் ஏன் சரிந்தது?

75 வெற்றி, 87 தோல்வி. மே மாதமே, களத்தில் அணியை நடத்திய மேலாளர் பிராண்டன் ஹைட் நீக்கப்பட்டார். பர்ன்ஸ் போன இடத்தில் 41 வயது சார்லி மார்ட்டனையும் ஜப்பானிலிருந்து 35 வயது டொமொயுகி சுகானோவையும் ஓராண்டு ஒப்பந்தத்தில் வைத்தார்கள். மார்ட்டன் பெயரில் வெற்றியோ தோல்வியோ எழுதப்பட்ட முதல் ஏழு ஆட்டங்களும் தோல்விதான். ரட்ச்மேன் உட்படப் பலருக்குக் காயம். ஜூலையில் மல்லின்ஸ், ரயன் ஓஹெர்ன் எனப் பலரை விற்றார்கள்.

தங்கள் பிள்ளைகளை நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிப்போட முடியாதா?

எலையஸ் வந்து ஆறேழு ஆண்டு ஒருவர்கூட அப்படிக் கையெழுத்திடவில்லை. 2025 ஆகஸ்ட்டில் முதல் ஆள் வந்தார்: டொமினிகன் குடியரசின் சாமுவேல் பசாயோ. 2021-இல் 13 லட்சம் டாலருக்குச் சேர்ந்தவர். மேலே வந்த ஒரே வாரத்தில் எட்டு ஆண்டு, 6.7 கோடி டாலர். இந்த அணி முன்பு பல ஆண்டுகள் லத்தீன் அமெரிக்கப் பக்கமே திரும்பிப் பார்த்ததில்லை என்பதை நினைத்தால் இது இரட்டை மகிழ்ச்சி. ஹெண்டர்சனும் ஹாலிடேயும் ஸ்காட் போராஸ் என்ற முகவரின் ஆட்கள். அவர் தன் வீரர்களைப் பெரும்பாலும் சந்தைவரை கொண்டுபோவார். அதனால் அங்கே காத்திருக்கத்தான் வேண்டும்.

இப்போதாவது தயக்கம் போயிற்றா?

2025 குளிர்காலத்தில் பார்த்தது எனக்கு நம்பிக்கை தருகிறது. பீட் அலோன்சோவுக்கு ஐந்து ஆண்டு, 15.5 கோடி டாலர். தாங்களே வளர்த்த கிரேசன் ரோட்ரிகஸை, ஒரு பருவம் முழுக்கக் காயத்தில் இருந்தவரை, டெய்லர் வார்டுக்காக ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்தார்கள். டாம்பா பேயிடம் நான்கு இளம் வீரர்களைக் கொடுத்து ஷேன் பாஸ் என்ற பிட்சரை வாங்கினார்கள். கொடுத்த விலை அதிகம் என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கொடுத்தார்களே என்று நான் சந்தோஷப்படுகிறேன்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போகலாம்?

போவிக்குப் போங்கள். அணியின் பெயர் 2025-இலிருந்து செசபீக் பேசாக்ஸ். மைதானம் அதேதான், குடைராட்டினமும் அங்கேதான். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்காருங்கள். ஸ்கோர் பலகையை விட்டுவிட்டு, ஒரே ஒரு பையனைத் தேர்ந்தெடுத்து ஆட்டம் முழுக்க அவனை மட்டும் பாருங்கள்: எந்தப் பந்தை விடுகிறான், அவுட் ஆனபின் யாரிடம் போய்ப் பேசுகிறான், அடுத்த முறை எங்கே காலை ஊன்றுகிறான் என்று. இன்னிங்ஸ் முடியும்போது கேட்சர் எங்கே நிற்கிறான் என்பதையும் கவனியுங்கள்.